அசையாத மரை

காயலாங்கடையில் எடைக்குக் கிடக்கும் பழைய வைஸ்களில் பல, உடைந்ததால் அங்கே வந்தவை அல்ல. தாடை தேய்ந்திருக்காது, உடலில் விரிசல் இருக்காது. கைப்பிடியைச் சுற்றினால் சுற்றாது, அவ்வளவுதான். மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வருகிறவர் அடுத்துச் செய்வது என்ன? கைப்பிடியில் நீளமான பைப்பைச் செருகித் தொங்குவார். பல வைஸ்களின் கதை அந்தப் பைப்போடு முடிந்துவிடுகிறது.

துரு இரும்பை ஒட்டுவதில்லை, நெருக்குகிறது. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் ஆக்சைடும் ஹைட்ராக்சைடும், அரிக்கப்பட்ட இரும்பு இருந்த இடத்தைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை கூடுதல் இடம் கேட்கும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுவது இதனால்தான். சாதாரண போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவே இருக்கும் சந்து, ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. அதற்குள் பிறக்கும் துரு விலகிப் போக வழியில்லாமல் ஆப்பு அடித்ததுபோல் இருபுறமும் இறுகிவிடுகிறது. அந்த நிலையில் பைப்பைப் போட்டு முறுக்கினால், விசை துருவை உடைப்பதற்கு முன்பே போல்ட்டின் கழுத்தை முறித்துவிடும்.

கழற்ற இறங்கும் முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இறுக்கியது துருதானா? தையல் மெஷின், கைத்துரப்பணம், கத்தரிக்கோல் போன்றவற்றில் பாதி நேரம் குற்றவாளி, யாரோ ஒரு நல்ல நாளில் ஊற்றிய சமையல் எண்ணெய். தாவர எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகிவிடும். மஞ்சளும் பழுப்புமாகப் பளபளவென்று படிந்திருந்தால் அது துரு இல்லை. மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறினாலே பெரும்பாலும் இளகிவிடும். மண்ணெண்ணெய் கிடைக்காத ஊரில் டர்பன்டைன்.

துருதான் என்றால் முதல் மருந்து மெல்லிய எண்ணெய். இங்கேதான் பொறுமை இல்லாமல் போகிறது. ஸ்பிரே அடித்து ஐந்து நிமிடத்தில் ஸ்பேனரை மாட்டுகிறவர்கள் எண்ணெயைக் குறை சொல்வார்கள். குறுகிய சந்துக்குள் திரவம் தானாக ஏறும் நுண்புழை ஏற்றத்துக்கு 1921-இல் அமெரிக்க வேதியியலாளர் எட்வர்ட் வாஷ்பர்ன் ஒரு சமன்பாடு தந்தார். திரவம் போகும் தூரம், நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்கிறது அது. முதல் மில்லிமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மில்லிமீட்டர் போக நான்கு மணி நேரம், ஐந்து மில்லிமீட்டர் போக இருபத்தைந்து மணி நேரம். திரவம் எவ்வளவு கொழகொழப்போ, சந்து எவ்வளவு குறுகலோ, அவ்வளவு தாமதம். அதனால் என்ஜின் ஆயிலை ஊற்றிப் பயனில்லை.

எல்லோர் கையிலும் இருக்கும் டபிள்யூ.டி.-40, 1953-இல் சான் டியேகோவிலிருந்த ராக்கெட் கெமிக்கல் கம்பெனி கண்டுபிடித்தது. அட்லஸ் ஏவுகணையின் உடலைத் துருவிலிருந்து காக்கத்தான் அது முதலில் பயன்பட்டது. நீரை விலக்குவது என்பதே பெயரின் பொருள். 40 என்பது நாற்பதாவது கலவை. இறுகியதை இளக்கவும் உதவும், ஆனால் அதன் பிறவித் தொழில் அதுவல்ல. அசிட்டோனும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் ஏ.டி.எஃப். திரவமும் சரிபாதி கலந்து விடும் மெக்கானிக்குகள் உண்டு. அசிட்டோன் எண்ணெயை நீர்க்கவைத்து உள்ளே கொண்டுபோய்விட்டு ஆவியாகிவிடுகிறது. நீரின் உறைநிலைக்குக் கீழே கூடத் தீப்பற்றும் ஆவி அது, அடுப்பங்கரைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

ஊறும்போது இடையிடையே சின்னச் சுத்தியலால் போல்ட்டின் தலையைத் தட்டிவிடுவது நல்லது. துரு நொறுங்கும் பொருள். அதிர்வில் கீறல் விழும், கீறல் வழியே எண்ணெய் இறங்கும். வைஸின் உடலில் மட்டும் ஓங்கி அடிக்கக் கூடாது. பழைய வைஸ்களில் பல வார்ப்பிரும்பு. உள்ளே கிராபைட் இதழ் இதழாகப் பரவியிருப்பதால் அடி விழுந்தால் நசுங்காது, நேரே பிளக்கும்.

எண்ணெய்க்கு மசியாததற்கு நெருப்பு. துளையைச் சூடாக்கினால் உலோகம் உள்நோக்கி வீங்கித் துளை சுருங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குழப்பம் வராது. வறட்டி நெருப்பில் பழுக்கும் பட்டை, வளையம் முழுவதும் விரிந்து சக்கரத்தில் ஏறும். நீர் ஊற்றியதும் சுருங்கிக் கவ்வும். நட்டும் அப்படித்தான். எஃகு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு விரியும். 20 மில்லிமீட்டர் துளையை 200 டிகிரி ஏற்றினால் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் அகலும். துருவின் பிடி விட அதுவே போதும். நட்டைத்தான் சுட வேண்டும், போல்ட்டை அல்ல. சூடு ஆறிவரும்போது மெழுகுவத்தியை மரையில் தொட்டால் உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். உளி, இழைப்புளி அலகு பக்கம் நெருப்பு வேண்டாம். 300 டிகிரி நெருங்கும்போது எஃகு நீலநிறமாகும். அதோடு அலகின் கடினமும் குறைந்துபோகும்.

கழற்ற முடியாத இணைப்புகளுக்குத் துருவையே கரைக்கலாம். பாக்குவெட்டியின் ஆணி அப்படிப்பட்டது. பித்தளைக்குப் போடும் புளியே இதற்கும் ஆகும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம் மென்மையானது, இரும்பு அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமும் கொண்டது. ஓரிரவு ஊறவைத்து, ஆப்பசோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூச வேண்டும். பாத்ரூம் ஆசிட் வேலையைச் சீக்கிரம் முடிக்கும்தான். ஆனால் அதன் ஆவி அறையிலிருக்கும் மற்ற கருவிகளுக்கும் துருவைக் கொடுத்துவிட்டுப் போகும்.

பெரிய பாகங்களுக்கு மின்னாற்பகுப்பு. பிளாஸ்டிக் வாளியில் நீர், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச்சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். கருவி எதிர்முனையில், ஒரு இரும்புத் துண்டு நேர்முனையில், இரண்டும் தொடக் கூடாது. முனை மாறினால் கரைவது கருவி. கருவியின் மேல் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் துருவைப் பெயர்க்கும். திறந்தவெளியில் செய்யச் சொல்வது அந்த ஹைட்ரஜனுக்காக. உப்பு போட்டால் குளோரின் வரும். எவர்சில்வர் துண்டைப் போட்டால் ராணிப்பேட்டையின் நிலத்தடி நீரைக் கெடுத்த அதே ஆறு இணைதிறன் குரோமியம் உங்கள் வாளியிலும் உருவாகலாம். கடினப்படுத்திய ஸ்பிரிங்கையும் இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அதை நொறுங்கவைக்கும்.

ஸ்பேனர் போடும் நேரம் வந்தால், முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூலளவு. கழற்றும் பக்கத்தில் நட்டு கடக்கவேண்டிய வெளிமரை முழுக்கத் துருவாயிருக்கும், எதிர்ப்பக்கம் அசைந்தாலே உள்பிடி விட்டுவிடும். பிறகு கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, நடுவில் எண்ணெய்.

அப்படியும் வராவிட்டால் ஹாக்ஸா பிளேடை எடுத்து நட்டை அறுத்துவிடலாம். புது நட்டு சில ரூபாய்தான். ஆனால் உடைந்த வார்ப்பிரும்பை நிக்கல் ராடு வைத்து, உடலைச் சூடேற்றி, மெல்ல ஆறவிட்டு ஒட்டத் தெரிந்த வெல்டர் எல்லா ஊரிலும் இல்லை.