மஞ்சளுக்குள் ஈயம்

டாக்காவின் ஷ்யாம்பஜார் மொத்தச் சந்தைக்கு 2019இல் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஒரு கைக்கருவியோடு வந்தார்கள். பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். அதன் முனையை மஞ்சளில் வைத்து விசையை அழுத்தினால் எக்ஸ் கதிர் பாயும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுள்ள கதிரைத் திருப்பி உமிழும். அதை வைத்து ஈயம் எவ்வளவு என்று சில நிமிடங்களில் திரை சொல்லிவிடும். கலப்படம் உறுதியானதும் நடமாடும் நீதிமன்றம் இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு 8 லட்சம் டாக்கா அபராதம் போட்டது. செய்தி நாடெங்கும் பரவியது.

துப்பு கிடைத்தது சந்தையில் அல்ல, கர்ப்பிணிகளின் ரத்தத்தில். வங்கதேசக் கிராமங்களில் 430 பேரைப் பரிசோதித்தபோது 31 சதவீதம் பேருக்கு ஈயம் அதிகமாக இருந்தது. அது எங்கிருந்து வருகிறது? ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் மூலத்துக்கு மூலம் மாறும். ஸ்டான்ஃபோர்டின் ஜென்னா ஃபோர்சைத் குழுவினர் அதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருந்தியது சமையலறை மஞ்சள்தூள்!

வேகவைத்துக் காயவைத்த கிழங்கைச் சுழலும் பீப்பாயில் போட்டு மெருகேற்றுவார்கள். அப்போது சேர்க்கப்பட்ட பொடிதான் லெட் குரோமேட். பெயின்ட்டுக்கு மஞ்சள் நிறம் தருவது. 1980களில் வெள்ளத்தில் நனைந்து கறுத்த கிழங்கை விற்கத் தொடங்கிய வழக்கம் இது என்கிறார்கள். பிறகு பளிச்சென்ற கிழங்குக்குத்தான் விலை என்றாகிவிட்டது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது.

2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றில்கூட இல்லை. ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்திலும் ஈயம் கணிசமாகக் குறைந்தது. எச்சரிக்கைத் துண்டறிக்கைகளும் கடைகடையாகப் போய்ச் சேர்ந்தன; ஆனால் வியாபாரியின் கண்ணெதிரே காட்டிய சோதனைக்கு இதில் பெரும்பங்கு உண்டு.

2024இல் வெளியான தெற்காசிய ஆய்வில் பாட்னா, குவாஹாத்தியோடு சென்னையிலும் வரம்பு மீறிய ஈயம் உள்ள மஞ்சள் சிக்கியது. நம் சட்டப்படி உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிட்டு, அதில் ஒரு பங்கை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பகுப்பாய்வாளர் அறிக்கை தர 14 நாள் அவகாசம். வழக்குக்கு அந்த அறிக்கை அவசியம். ஆனால் அதற்குள் மூட்டை கைமாறி, அரைபட்டு, அஞ்சறைப் பெட்டிக்கே போய்விடும். எந்த மூட்டையில் மாதிரி எடுப்பது என்று அங்கேயே காட்டிக்கொடுக்கும் இந்தக் கருவி, ஈரோடு போன்ற மஞ்சள் சந்தைகளுக்கு உடனே வர வேண்டும்.