குட்டி வளர்த்த நாயின் உரோம உதிர்வும் பராமரிப்பும்

திருப்பரங்குன்றத்தைச் சூழ்ந்த தென்கால், நிலையூர்க் கண்மாய்ப் பாசன நிலங்களிலும், அவற்றிற்கு அப்பாலுள்ள மானாவாரிப் புஞ்சைகளிலும் நாயில்லாத தொழுவம் அரிது. அறுவடையான வயல்களில் கிடை மறிக்கும் ஆட்டு மந்தைக்கும், தென்னந்தோப்பிற்கும், பம்புசெட்டுக் கொட்டகைக்கும் இரவுக் காவல் பெரும்பாலும் நாயையே பொறுத்தது. இவ்விதம் உழைக்கும் பெட்டை நாய், குட்டிகளை ஈன்று வளர்த்து முடித்த சில வாரங்களில், விலாவெலும்பு தெரிய மெலிந்து, உரோமம் உதிர்ந்து, காண்பவர் முகஞ்சுளிக்கும் நிலையை அடைவதுண்டு.

இதைக் கண்டு சிலர் சொறி பிடித்த நாயென்று விரட்டிவிடுகின்றனர். சிலர் இயந்திரங்களிலிருந்து வடித்த கழிவெண்ணெயை உடல் முழுதும் பூசுகின்றனர். வேறு சிலரோ உண்மையான சொறியையே ஈற்றுக்குப் பின் இயல்பாக வரும் உதிர்வென்று எண்ணி வாளாவிருந்து, வியாதி குட்டிகளுக்கும் வீட்டாருக்கும் பரவ இடங்கொடுக்கின்றனர். இம்மூன்றினாலும் நல்ல காவல் நாய் வீணே இழக்கப்படுகின்றது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நம் நாட்டு இனங்களை வைத்திருப்போருக்கு இந்நஷ்டம் இன்னும் பெரிது. இராஜபாளையம் நாயின் உருவம் 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறையின் தபால்தலையில் இடம்பெற்றது. அத்தகைய இனத்தின் வித்து தாய் நாயின் உடல்நலத்திலேயே தங்கியிருக்கின்றது. ஆதலின் இவ்வுதிர்வின் காரணத்தையும், அதை வியாதியினின்று பிரித்தறியும் விதத்தையும், செய்யவேண்டிய பராமரிப்பையும் இங்கு விளக்குவோம்.

உதிர்வின் காரணம்

உரோமம் ஒவ்வொன்றும் சில காலம் வளர்ந்து, பின் வளர்ச்சி நின்று, சில காலம் வேரில் ஓய்ந்திருந்து, அடியில் புது உரோமம் முளைக்கையில் உதிர்ந்துபோகும். சாதாரண காலத்தில் எல்லா உரோமங்களும் ஒரே பருவத்தில் இருப்பதில்லை. ஆகவே உதிர்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. சுமார் 63 நாட்கள் சினையாயிருந்து, ஈன்று, பாலூட்டும் காலத்தில் உடம்பின் சுரப்பு நீர்கள் பெரிதும் மாறுவதாலும், சத்தெல்லாம் பாலாய்ச் செல்வதாலும், ஏராளமான உரோமங்கள் ஒருங்கே ஓய்வுப் பருவத்தை அடைகின்றன. ஈன்ற 1 மாதம் முதல் 3 மாதங்களுக்குள் அவை யாவும் ஒரே சமயத்தில் உதிர்கின்றன. பிரசவித்த பெண்களுக்குச் சுமார் 3ஆம் மாதத்தில் தலைமயிர் மிகுதியாய் உதிர்வதும் இதையொத்ததே. எனவே இயல்பான உதிர்வு, புது உரோமம் அடியில் முளைக்கத் தொடங்கியதன் குறியாகும்.

எனினும் புது உரோமம் செழித்து வளர்வது ஆகாரத்தைப் பொறுத்தது. உரோமம் ஏறக்குறைய முற்றும் புரதச்சத்தால் ஆனது. நாய் நாள்தோறும் உண்ணும் புரதத்தில் ஏறத்தாழ கால் பங்கு தோலையும் உரோமத்தையும் பேணுவதற்கே செலவாகின்றது. பசும்பாலில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு அளவே புரதம் உண்டு. நாயின் பாலிலோ 7 அல்லது 8 பங்கு உண்டு. கறவை மாட்டிற்குத் தீவனத்தைக் குறைத்துவிட்டுப் பாலை மட்டும் கறந்துகொண்டிருந்தால் மாடு எலும்பாகிவிடும் என்பதை விவசாயிகள் நன்கு அறிவர். நாயின் கணக்கும் அதுவே. வரவு குறைந்தால் உடம்பு முதலில் நிறுத்தும் செலவு உரோமத்தின் செலவாகும்.

இயல்பான உதிர்வும் வியாதியும்

அடர்ந்த உரோமமுள்ள சீமை இனங்களில் உரோமம் கொத்தாய்க் கழன்று விழும். நம் நாட்டு இனங்கள் குட்டை உரோமமுடையவை. ஆதலின் அவற்றில் மேனியின் பளபளப்புக் குன்றி, விலாவிலும் தொடையின் பின்புறத்திலும் உரோமம் மெலிந்து, தோல் நிறம் தெரியும். கீழ்க்கண்ட குறிகளைப் பகல் வெளிச்சத்தில் கவனித்துப் பார்க்க வேண்டும்.

1. இயல்பான உதிர்வில் அரிப்பு இராது. நாய் ஓயாமல் சொறிந்துகொண்டும், கடித்துக்கொண்டும், சுவரில் உராய்ந்துகொண்டும் இருக்குமாயின் அது வியாதி.

2. இயல்பான உதிர்வில் தோல் சுத்தமாயும் மிருதுவாயும் இருக்கும். சிவப்பு, பொருக்கு, சீழ், துர்நாற்றம், தோல் தடித்தல் ஆகியவை வியாதியின் குறிகள்.

3. இயல்பான உதிர்வு உடலின் இருபுறமும் ஏறக்குறைய ஒரே விதமாய்ப் பரவியிருக்கும். காது விளிம்பிலும் முழங்கையிலும் தொடங்கிக் கடும் அரிப்புடன் பரவுவது சொறிப்பூச்சியால் வருவது. வட்ட வட்டமாய் உரோமம் போவது படர்தாமரையாயிருக்கலாம். இவ்விரண்டும் மனிதரையும் தொற்றக்கூடியவை.

4. கண்ணைச் சுற்றியும், வாயோரத்திலும், உள்ளங்காலிலும் பொருக்குத் தட்டுவது துத்தநாகச் சத்தின் குறைவால் நேரலாம்.

5. ஈறும் கண்ணின் உட்தோலும் வெளிறியிருந்தால் உரோமத்தைப் பற்றிய கவலையை ஒதுக்கிவைத்து, இரத்தக் குறைவைக் கவனிக்க வேண்டும். கொக்கிப்புழு, உண்ணி, உண்ணிகளால் பரவும் காய்ச்சல் ஆகியவை இதற்குக் காரணமாகும்.

இவற்றுள் 2 முதல் 5 வரையுள்ள வியாதிக் குறிகளில் ஒன்றோ, ஓயாத அரிப்போ காணப்படினும் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசெல்வதே முறை. சுரண்டியெடுத்த தோற்பொடியை நுண்பெருக்கியில் பார்த்தே சொறியின் வகையைத் தீர்மானிப்பர்.

ஆகாரம்

பாலூட்டும் காலத்திலேயே பராமரிப்புத் தொடங்க வேண்டும். ஈன்ற 3ஆம் வாரம் முதல் 5ஆம் வாரம் வரை பால் சுரப்பு உச்சத்தில் இருக்கும். அப்போது குட்டிகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி, சாதாரண அளவைப்போல் 2 முதல் 4 மடங்கு ஆகாரம் தேவை. இதை ஒரே வேளையில் உண்ண நாயால் இயலாது. நாளொன்றுக்கு 3 அல்லது 4 வேளையாய்ப் பிரித்துக் கொடுத்து, சுத்தமான தண்ணீரை எந்நேரமும் வைத்திருக்க வேண்டும்.

நம் கிராமங்களில் நாய்க்கு வடித்த கஞ்சியும், மிஞ்சிய கூழுமே பெரும்பாலும் ஊற்றப்படுகின்றன. இவற்றில் பெரும் பங்கு தண்ணீராதலால் வயிறு நிறைந்தும் உடம்பு பட்டினி கிடக்கின்றது. மேலும் கேழ்வரகு, கம்பு முதலிய தானியங்களின் உமிப்பகுதியிலுள்ள ஒரு பொருள் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு உடம்பில் சேரவொட்டாமல் தடுக்கும். புளிக்கவைத்த கூழில் இத்தீமை ஓரளவு குறையும். ஆயினும் கூழை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

குட்டிகளைப் பிரித்த பின், சுமார் 20 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்குக் கீழ்க்கண்ட அளவு பொருத்தமாகும்:

சோறு அல்லது வேகவைத்த தானியம் - 500 கிராம்
வேகவைத்த கோழிக் கழிவிறைச்சி அல்லது முள் நீக்கிய மீன் - 200 கிராம்
வேகவைத்த முட்டை - 2
குழைய வேகவைத்த பருப்பு (உலர்ந்த எடையில்) - 50 கிராம்
நல்லெண்ணெய் அல்லது கடலையெண்ணெய் - 2 தேக்கரண்டி
பொடித்த முட்டையோடு - அரை முதல் முக்கால் தேக்கரண்டி

இவற்றை 2 வேளையாய்ப் பிரித்துக் கொடுக்கலாம். வாரம் இருமுறை இறைச்சியில் 50 கிராம் குறைத்து அந்த அளவு ஈரல் சேர்ப்பது நலம். அதற்கு மேற்பட்டால் அதிலுள்ள ஏ வைட்டமின் மிகுந்து தீங்காகும். முட்டையைப் பச்சையாய்க் கொடுத்தல் கூடாது. பச்சை வெண்கரு, உரோமத்திற்கு வேண்டிய பயோட்டின் என்னும் வைட்டமினை உடம்பில் சேரவொட்டாமல் தடுக்கும். முட்டையோட்டைக் கொதிக்கவைத்து உலர்த்தி மாவுபோல் பொடித்தே கலக்க வேண்டும். சுண்ணாம்புச்சத்து மிகுந்தாலும் துத்தநாகம் சேராது. ஆகையால் அளவு மீறலாகாது.

எண்ணெயின் வகையும் கவனிக்கத்தக்கது. மேனியின் பளபளப்பிற்கு அவசியமான லினோலெயிக் அமிலம் நல்லெண்ணெயிலும், கடலையெண்ணெயிலும், சூரியகாந்தி எண்ணெயிலும் மிகுதி. தேங்காயெண்ணெயில் மிகக் குறைவு. பலர் தேங்காயெண்ணெயை நாயின் மேனியில் தடவி உரோமம் வளருமென்று காத்திருக்கின்றனர். நல்லெண்ணெய் சோற்றில் கலந்து உள்ளே செல்வதே பயன் தரும்.

வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பு நாயின் இரத்த அணுக்களை அழிக்கும். சமைத்த எலும்பு சிம்பாய்ப் பிளந்து குடலைக் குத்தும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் ஈரலைக் கெடுத்து உயிருக்கே அபாயம் விளைக்கும். இவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

குட்டி பிரித்தல்

குட்டிகளுக்கு 4ஆம் வாரம் முதல் குழைத்த ஆகாரத்தைச் சிறிது சிறிதாய்ப் பழக்கி, 6 முதல் 8 வாரங்களுக்குள் தாய்ப்பாலை நிறுத்தலாம். பிரிக்கும் நாளில் தாயின் ஆகாரத்தைக் குறைத்து, பின் சில நாட்களில் மேற்கண்ட அளவிற்கு ஏற்றினால் பால் எளிதில் வற்றும். குட்டிகளுக்கு 2, 4, 6, 8ஆம் வாரங்களில் குடற்புழு மருந்து கொடுக்கையில் தாய்க்கும் கொடுக்க வேண்டும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும் குட்டிகளுக்குச் செல்வதால், குட்டிகளுக்கு மட்டும் மருந்து கொடுப்பது ஓட்டையை அடைக்காமல் நீர் இறைப்பதை ஒக்கும்.

பாலூட்டும் நாய் நடுங்குதல், விறைத்து நடத்தல், பெருமூச்சு வாங்குதல், இசிவு கொள்ளுதல் ஆகியவை இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து திடீரெனக் குறைந்ததன் குறிகள். குட்டிகளை உடனே விலக்கி, ஒரு மணி நேரமும் தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

மேனிப் பராமரிப்பு

தளர்ந்த உரோமத்தை நாள்தோறும் மிருதுவான தூரிகையாலோ ஈரத்துணியாலோ நீவி எடுத்தால், தோலில் இரத்த ஓட்டம் பெருகுவதுடன், உண்ணியும் புண்ணும் ஆரம்பத்திலேயே கண்ணில் படும். பால் வற்றியபின் 2 அல்லது 3 வாரத்திற்கு ஒருமுறை நாய்க்குரிய சோப்பால் குளிப்பாட்டினால் போதும். சலவைச் சோப்பும் சீயக்காயும் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையைக் கழுவி, வறட்சியை மிகுவிக்கும்.

இப்பகுதியில் நாய்கள் பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரையில் ஈனுகின்றன. ஆகவே உதிர்வு தை, மாசி, பங்குனி மாதங்களில் தோன்றி, உரோமம் மெலிந்த மேனி கோடை வெயிலில் அகப்படுகின்றது. வெண்ணிற நாய்களின் தோல் வெயிலில் வெந்துபோவதுண்டு. புது உரோமம் மூடும்வரை பகலில் நிழலும் காற்றுமுள்ள இடத்தில் கட்டி, இரவுக் காவலுக்கு மட்டும் விடுவது நலம். படுக்கைச் சாக்கை வாரந்தோறும் வெந்நீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். உண்ணி நாயின் மேல் வாழ்வதோடு சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளையிடுவதால், அவ்வெடிப்புகளைப் பூசி அடைக்க வேண்டும்.

செய்யத்தகாதவை

கழிவெண்ணெயிலும் மண்ணெண்ணெயிலும் உள்ள நஞ்சு, நாய் மேனியை நக்குவதால் வயிற்றினுள் செல்கின்றது. பாலூட்டும் தாயாயின் குட்டிகளும் அதை நக்கி மடியும். மாட்டிற்குத் தெளிக்கும் உண்ணி மருந்தைக் குட்டிகள் அருகிலிருக்கத் தாயின்மேல் ஊற்றலாகாது. ஆடுமாடுகளுக்குச் சொறிக்கும் புழுவுக்கும் போடும் ஊசி மருந்தைக் கையளவாய் நாய்க்குப் போடுவது பேராபத்து. நாயின் எடையறிந்து மருத்துவர் குறித்த மருந்தை, குறித்த அளவில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

அடுத்த ஈற்று

பெட்டை நாய் சாதாரணமாய் 6 முதல் 8 மாதங்களுக்கு ஒருமுறை பருவத்திற்கு வரும். மேனி தேறாத நாயை அடுத்த பருவத்திலேயே இணை சேர்ப்பது, எருவிடாத நிலத்தில் மறுபடியும் விதைப்பதை ஒக்கும். ஒரு பருவத்தை விட்டு இணை சேர்த்தல் நலம். குட்டிகள் வேண்டாதோர், பால் வற்றி உடம்பு தேறியபின் கருத்தடைச் சிகிச்சை செய்விக்கலாம். நாதியற்ற குட்டிகள் கண்மாய்க்கரையில் விடப்பட்டுப் பின் ஆட்டுக் குட்டிகளைக் கடிக்கும் கூட்டமாவதை இது தடுக்கும். குட்டிகளுக்கு 3ஆம் மாதத்திலும், தாய்க்கு ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுவதில் கிராம அதிகாரிகள் விசேஷ கவனம் செலுத்த வேண்டும். உரோமம் உதிர்ந்த நாயெல்லாம் வெறிநாயன்று என்பதையும் கிராமத்தாருக்கு எடுத்துரைப்பது அவர்கள் கடமையாகும்.

எத்தனை காலம்?

ஆகாரமும் ஓய்வும் சரிவரக் கிடைத்தால், குட்டி பிரித்த சில வாரங்களில் புது உரோமம் மிருதுவாய் முளைத்திருப்பதைக் கையால் தடவி உணரலாம். குட்டை உரோமமுள்ள நாய்களுக்கு 3 அல்லது 4 மாதங்களில் மேனி நிரம்பும். அடர்ந்த உரோமமுள்ளவற்றிற்குச் சற்றுக் கூடுதலாகும். குட்டி பிரித்து 3 மாதம் கழிந்தும் தோல் மூடாவிடில் வேறு காரணத்தைத் தேட வேண்டும். மதுரைப் பகுதியினர் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையோ, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் திருப்பரங்குன்றத்தில் வைத்துள்ள பயிற்சி ஆராய்ச்சி மையத்தையோ அணுகி ஆலோசனை பெறலாம்.

சுருங்கக் கூறின், அரிப்பும் புண்ணும் இல்லாத உதிர்வு நாய் தன் குட்டிகளுக்காகப் பட்ட கடன். அதற்கு மருந்து பூச்சன்று. முட்டையும் மீனும், நிழலும், ஒரு பருவ ஓய்வுமே. அரிப்பும் புண்ணும் உள்ள உதிர்வு வியாதி. அதற்குரிய இடம் மருந்தகம். இவ்விரண்டையும் பிரித்தறிந்து நடப்போரின் களமும் கிடையும் காவலின்றி ஒருநாளும் கிடவா.