கறுப்புக்கும் கணக்கு உண்டு
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற ஆண்டு என் தந்தையாரின் மார்புப் படம் கறுத்துப்போய் வந்தது. படம் எடுத்ததில் பிழையில்லை. கணிப்பொறியிலிருந்து அச்சிட்ட பிரிண்டரில்தான் பிழை. மறுநாள் வேறு பிரதி வாங்க அலைந்ததில் ஒரு நாள் கூலி போயிற்று.

பிலிமின் கறுமையை ஒளியடர்த்தி என்பர். அடர்த்தி 1 எனில் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கே ஊடுருவும். 2 எனில் நூறில் ஒன்று. 3 எனில் ஆயிரத்தில் ஒன்று. பிலிம் கட்டு மாறினால் இவ்வளவும் பிறழக்கூடும். ஆகவே, புதுக்கட்டு இட்டதும் வெளுப்பிலிருந்து கறுப்புவரை படிப்படியான பட்டைகளை அச்சிட்டு, அடர்த்திமானியால் அளந்து, வேறுபாட்டைப் பிரிண்டரில் திருத்த வேண்டும். பின் சோதனைப் படத்தில் 0, 5 விழுக்காட்டுக் கட்டங்களும் 95, 100 விழுக்காட்டுக் கட்டங்களும் தனித்தனியே தெரிகின்றனவா எனப் பார்க்க வேண்டும்.

நுரையீரலின் சிறு நிழல் தெரிவதும் மறைவதும் அந்த நூலிழை வேறுபாட்டில் அன்றோ!