உங்களுக்குத் தெரியுமா? ஷோரூம் கார் லோன் ரகசியங்கள்!

'வெறும் 7 சதவிகித வட்டிதான் சார்!' என்கிறாரா ஷோரூம்காரர்? ஃபிளாட் ரேட்டா, டிமினிஷிங்கா என்று கேளுங்கள். 5 லட்சம் கடன், 5 வருடம், 7 சதவிகித ஃபிளாட் ரேட் என்றால் நிஜ வட்டி கிட்டத்தட்ட 12.5 சதவிகிதம்!

அசலை நீங்கள் மாதாமாதம் அடைத்துக்கொண்டே வருவீர்கள். டிமினிஷிங்கில் மீதி அசலுக்கு மட்டும்தான் வட்டி. ஃபிளாட் ரேட்டிலோ, கடைசி மாதம் வரை முழு 5 லட்சத்துக்கும் வட்டி ஓடும்!

இதைக் கேட்டால் அசந்துபோவீர்கள். அதே 5 லட்சம், அதே 5 வருடம், 9 சதவிகித டிமினிஷிங். மொத்த வட்டி சுமார் 1,22,750 ரூபாய். 7 சதவிகித ஃபிளாட்டில் 1,75,000 ரூபாய்! ஆமாம், 9-ஐ விட 7 பெரிசு! அதுவும் 52,000 ரூபாய்க்கு மேல்!

5 வருடத்தை 7 வருடமாக்கினால் இ.எம்.ஐ. குறையுமே? குறையும்! அதே 9 சதவிகிதத்தில் 10,379 ரூபாய் கட்டியவர் சுமார் 8,045 கட்டினால் போதும். வட்டி மட்டும் கிட்டத்தட்ட 53,000 ரூபாய் ஏறிவிடும்!

சீட் கவர், மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் என்று 40,000 ரூபாயைக் கடனோடு சேர்த்துவிட்டார்களா? அதே 9 சதவிகித வட்டிக்கு 7 வருடத்தில் நீங்கள் கட்டப்போவது 54,000 ரூபாய்க்கு மேல்!

ஜீரோ சதவிகித வட்டியா? அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது!

2024 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு கார் லோனுக்கும் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' தந்தே ஆக வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான வருட வட்டி அதில் இருக்கும். அதில் எழுதாத ஒரு கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் வாங்க முடியாது! ஷோரூம் கொட்டேஷனைத் தூர வையுங்கள், முதலில் இதைக் கேட்டு வாங்குங்கள்!

'இன்னிக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த வட்டி!' என்று அவசரப்படுத்துகிறார்களா? அந்த ஸ்டேட்மென்ட்டில் உள்ள வட்டி குறைந்தது 3 வேலை நாள் செல்லும்!

பிராசஸிங் சார்ஜ் 5,000 என்றால் கையை விட்டுப் போவது 5,900. ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம்!

ஃப்ளோட்டிங் வட்டிக் கடனா? சொந்த உபயோகத்துக்கு 2026 ஜனவரி 1 முதல் வாங்கியதென்றால், முன்கூட்டியே அடைத்தாலும் ஒரு பைசா அபராதம் கிடையாது! ஆனால் கார் லோன்களில் பெரும்பாலானவை ஃபிக்ஸட் வட்டி. அதற்கு இந்தச் சலுகை இல்லை!

புதுக் காருக்கு 3 வருட தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். அதை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்பது கட்டாயமே இல்லை!

பழைய காரை விற்றுவிட்டுப் புதுசு வாங்குகிறீர்களா? 5 வருடம் க்ளெய்மே செய்யவில்லை என்றால் நோ க்ளெய்ம் போனஸ் 50 சதவிகிதம். அது காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம்! புதுக் காரின் ஓன் டேமேஜ் பிரீமியம் அப்படியே பாதியாகும்! இதை ஷோரூமில் தானாக எடுத்துச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். வாய்விட்டுக் கேளுங்கள்!

கார் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் பில்லில் 1 சதவிகிதம் டி.சி.எஸ். இருக்கும். 12 லட்சம் காருக்கு 12,000 ரூபாய். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அத்தனையையும் கழித்துக்கொள்ளலாம்!

நல்ல கிரெடிட் ஸ்கோர் இருந்தால் வட்டியைப் பேரம் பேசலாம். நாட்டில் 4 கிரெடிட் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். ஆக மொத்தம் 4 ரிப்போர்ட், செலவு 0 ரூபாய்!

கடைசி இ.எம்.ஐ. கட்டியாச்சா? ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் இருக்கும்! வங்கியிடம் என்.ஓ.சி. வாங்கி, ஃபார்ம் 35-ஓடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்தால்தான் அது நீங்கும்!

கடன் முழுக்க அடைந்த 30 நாளுக்குள் உங்கள் அசல் ஆவணங்கள் கைக்கு வர வேண்டும். வங்கி தாமதித்தால் உங்களுக்குத் தர வேண்டிய இழப்பீடு, ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய்!