பழைய வாகனங்களின் மின் அமைப்பு – 7: உருகுவதற்கென்றே வைத்த கம்பி

சென்ற பகுதியில் ஆல்டர்னேட்டரும் வோல்டேஜ் ரெகுலேட்டரும் விளக்கப்பட்டன. அவை தரும் மின்சாரம் பேட்டரிக்கும் விளக்குகளுக்கும் போய்ச் சேரும் வழியையும், அவ்வழியில் காவலாக வைக்கப்பட்டுள்ள பியூசிபிள் லிங்க் என்னும் உருகு கம்பியையும் இப்பகுதி ஆராய்கிறது. 1960களின் பிற்பாதியிலும் 1970களிலும் அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் தயாரித்த வேலியன்ட், டார்ட் போன்ற கார்கள் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. அவற்றின் பேட்டரி வயரிங்கில் உருகு கம்பியால் தடுக்கக்கூடிய பழுதும், அதனால் ஒருபோதும் தடுக்க முடியாத பழுதும் ஒரே பாதையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

உருகு கம்பி பார்வைக்குச் சாதாரண வயரைப் போன்றதே. ஆனால், தான் காக்கவேண்டிய வயரைவிட நான்கு கேஜ் மெல்லியதாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. அமெரிக்கக் கேஜ் அளவில் எண் கூடக்கூட வயர் மெலியும் என்பதோடு, மூன்று எண்ணுக்கு ஒருமுறை அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஆகவே 3.3 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள 12 கேஜ் வயருக்கு, 1.3 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள 16 கேஜ் உருகு கம்பி காவலாகிறது. கம்பியின் உறையும் வேறுபட்டது. சாதாரண வயரின் பி.வி.சி. உறை சூடேறினால் உருகி வழிந்து புகையும். உருகு கம்பிக்கோ, எளிதில் தீப்பற்றாத ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர் உறை இடப்பட்டது. உள்ளே செம்பு உருகும்போது அந்த உறை கொப்பளித்து உப்புமே தவிர, எளிதில் கிழிந்து சுடரை வெளியே விடாது. ஹைப்பலானைத் தயாரித்த டூபான்ட் நிறுவனம் 2010இல் அத்தயாரிப்பை நிறுத்திவிட்டபோதிலும், அதே வகை ரப்பர் உறையுடன் கூடிய உருகு கம்பி இன்றும் கிடைக்கிறது.

கம்பி எவ்வளவு மின்னோட்டத்தில் உருகும் என்பதை 1880களிலேயே பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் வில்லியம் ஹென்றி பிரீஸ் ஆராய்ந்து, அம்மின்னோட்டம் கம்பியின் விட்டத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப உயரும் என்று சூத்திரம் வகுத்தார். அதன்படி, திறந்த காற்றில் உள்ள 16 கேஜ் செப்புக் கம்பி சுமார் 117 ஆம்பியரிலும் 12 கேஜ் கம்பி சுமார் 235 ஆம்பியரிலும் உருகும். பேட்டரியிலிருந்து வரும் வயர் எங்காவது உரசித் தேய்ந்து பாடியைத் தொட்டுக் குறுக்குச்சுற்று நேர்ந்தால், சில நூறு ஆம்பியர் பாயக்கூடும். அந்நிலையில் மெல்லிய கம்பி முதலில் அறுந்து, நீண்ட வயரையும் அதனோடு சேர்த்துக் கட்டப்பட்ட ஏனைய வயர்களையும் காப்பாற்றிவிடுகிறது. ஹெட்லைட் எரியத் தொடங்கும் கணத்திலோ ஹீட்டர் மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்திலோ வந்து மறையும் கூடுதல் மின்னோட்டத்தை அது பொருட்படுத்துவதில்லை. சாதாரணக் கண்ணாடி பியூஸுக்கு இல்லாத இந்த நிதானத்துக்காகவே அது தேர்ந்தெடுக்கப்பட்டது.

கிரைஸ்லர் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து தடித்த கேபிள் ஒன்று ஸ்டார்ட்டருக்கும், அதைவிட மெல்லிய வயர் ஒன்று ஸ்டார்ட்டர் ரிலேவுக்கும் செல்கின்றன. ரிலேயில் தொடங்கும் உருகு கம்பி, என்ஜின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரின் கனெக்டரை அடைகிறது. அங்கிருந்து சிவப்பு வயர் டேஷ்போர்டில் உள்ள அம்மீட்டருக்குப் போகிறது. அம்மீட்டரின் மறுமுனையிலிருந்து கறுப்பு வயர் புறப்பட்டு, வழியில் ஒரு கூட்டிணைப்பில் இக்னிஷன், விளக்குகள், பியூஸ் பெட்டி ஆகியவற்றுக்குக் கிளை பிரிந்து, மீண்டும் அதே கனெக்டர் வழியாக ஆல்டர்னேட்டரை எட்டுகிறது. என்ஜின் ஓடும்போது காரின் தேவைகளுக்கு ஆல்டர்னேட்டரே கறுப்பு வயர் மூலம் மின்சாரம் தருகிறது. சிவப்பு வயரிலும் அம்மீட்டரிலும் உருகு கம்பியிலும் பாய்வது பேட்டரியை சார்ஜ் செய்யும் மின்னோட்டம் மட்டுமே. கூடுதல் விளக்கு, ஒலிபெருக்கி முதலியவற்றைப் பேட்டரி முனையிலேயே இணைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை: அச்சாதனங்களுக்கான மின்னோட்டம் முழுவதும் அப்போது அம்மீட்டர் வழியாகவே திரும்பி வந்தாக வேண்டும்.

இவ்வமைப்பின் பலவீனம் கனெக்டரில் உள்ளது. அதிலுள்ள தட்டையான டெர்மினல்கள் ஈரத்தாலும் ஆண்டுக்கணக்கான அதிர்வாலும் களிம்பேறித் தளர்கின்றன. தளர்ந்த ஓரிணைப்பின் மின்தடை 0.05 ஓம் என்றும், அதன் வழியே 30 ஆம்பியர் பாய்கிறது என்றும் கொண்டால், அங்கே வெளிப்படும் வெப்பம் 45 வாட். அதாவது, பட்டறையில் பயன்படும் சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பிளாஸ்டிக் கனெக்டருக்குள் செருகி வைத்ததற்கு ஒப்பாகும். கனெக்டர் கருகும், ஆனால் உருகு கம்பி உருகாது, ஏனெனில் 30 ஆம்பியர் அதன் தாங்கும் எல்லைக்குள்தான் இருக்கிறது. உருகு கம்பி மிகையான மின்னோட்டத்தை மட்டுமே அறியும். மோசமான இணைப்பை அறியாது. அறுந்த கம்பியை மாற்றிவிட்டு வேலை முடிந்ததெனக் கருதும் பட்டறைகள் தவறும் இடம் இதுவே.

பழுதைக் கண்டறிவதிலும் ஒரு சூது உண்டு. உறை உப்பியிருந்தாலும், இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுக்கும்போது ரப்பர்போல நீண்டாலும் உள்ளே செம்பு அறுந்துவிட்டது என்பது உறுதி. ஆனால், பல இழைகளில் ஒன்றோ இரண்டோ மட்டும் எஞ்சியிருக்கும் கம்பி, மல்டிமீட்டரில் 12 வோல்ட்டைச் சரியாகவே காட்டும். மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகச் சிறியதாகையால் அதற்கு ஓரிழையே போதும். ஹெட்லைட்டை எரியவிட்டு, கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே வோல்டேஜ் எவ்வளவு இழக்கப்படுகிறது என்று அளந்தால்தான் உண்மை வெளிப்படும்.

மாற்றும் வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்ற வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்ட கணமே குறுக்குச்சுற்று உண்டாகும். வயரின் கறுத்துப்போன பகுதியைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக் கழிக்க வேண்டும், ஏனெனில் ஆக்சைடு படிந்த இழைகளில் சால்டர் ஒட்டாது. பழைய கம்பிக்கு நிகரான கேஜும் நீளமும் கொண்ட புதிய கம்பியை, பொதுவாக 23 சென்டிமீட்டருக்கு மிகாமல், கிரிம்ப் செய்து, ரோசின் கலந்த சால்டர் கொண்டு இணைத்து, உட்புறம் பசை பூசிய சுருங்கு குழாயால் மூட வேண்டும். அமிலம் கலந்த பிளக்ஸ் ஒருபோதும் கூடாது. அது நாளடைவில் செம்பையே அரிக்கும். சால்டர் இழைகளுக்குள் நெடுந்தூரம் ஏறினால் வயர் விறைத்து, விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வால் ஒடியும் என்பதால், இணைப்பைத் தாங்கிப் பிடிக்க ஒரு கிளிப் அவசியம். உருகு கம்பியைப் பிற வயர்களோடு சேர்த்து டேப் சுற்றக் கூடாது. அவசரத்துக்கு அதே தடிமனில் சாதாரண வயரைப் பொருத்துவது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தீக்குச்சியை வைப்பதுதான்.

கனெக்டரில் கருகிய டெர்மினல்களைத் தேய்த்துச் சுத்தப்படுத்துவது தற்காலிகத் தீர்வு. வெப்பத்தில் வில்விசையை இழந்த டெர்மினல் மீண்டும் இறுகாது. அதை மாற்ற வேண்டும், அல்லது சிவப்பு, கறுப்பு வயர்கள் இரண்டையும் கனெக்டரைத் தவிர்த்து ரப்பர் வளையம் வழியாக நேரே கொண்டுசெல்ல வேண்டும். அதிக மின்சாரம் தேவைப்பட்ட சில காவல்துறை வாகனங்களுக்கும் டாக்சிகளுக்கும் கிரைஸ்லர் நிறுவனமே இம்முறையைக் கையாண்டது.

பேட்டரி கேபிள்களில் பார்க்க வேண்டியது பச்சை, நீலப் பூச்சு. அது அமிலத்தால் அரிக்கப்பட்ட செம்பின் உப்பு. முனையில் தெரிவதைவிட உறைக்குள் அதிகம் ஊர்ந்திருக்கும். சமையல் சோடா கரைத்த நீர் முனையைச் சுத்தமாக்கும். உறைக்குள் ஏறிய அரிப்புக்குக் கேபிளை மாற்றுவதே மருந்து. ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது 0.01 ஓம் மின்தடைகூட 2 வோல்ட்டை விழுங்கிவிடும். என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை அறுந்திருந்தால், அந்த மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்ப முயன்று அதையும் சுட்டுவிடும்.

உருகு கம்பிக்குப் பதிலாக, பிற்காலக் கார்களில் உள்ள மேக்சி பியூஸைப் பொருத்தலாமா என்ற கேள்விக்கு, பொருத்தலாம் என்பதே விடை. அதுவும் தாமதித்து உருகும் வகையே, மாற்றுவதும் எளிது. ஆயினும் அதன் ஆம்பியர் அளவு, பின்னால் உள்ள வயரின் தாங்கும் திறனுக்கு ஏற்ப இருக்க வேண்டும். அடிக்கடி போகிறதே என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவது பாதுகாப்பை நீக்குவதற்குச் சமம்.

எல்லா வேலையும் முடிந்த பின், நெகட்டிவ் கேபிளை மாட்டுவதற்கு முன்பு, அந்தக் கேபிளுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 12 வோல்ட் சோதனை விளக்கு ஒன்றை இணைத்துப் பார்க்குமாறு வாசகர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். எல்லாச் சுவிட்சுகளும் அணைந்து, கதவுகளும் மூடியிருக்கும் நிலையில் விளக்கு பிரகாசமாக எரிந்தால், பழைய கம்பியை உருக்கிய குறுக்குச்சுற்று இன்னும் எங்கோ இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை கேபிளை மாட்ட வேண்டாம்.