மூளையின் எல்லையில் காவல் செல்கள்

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டாலோ, வெடித்துக் கசிந்தாலோ பக்கவாதம் வருகிறது. அடைப்பினால் வருவதே பெரும்பான்மை. பெரிய குழாய் ஒன்று அடைபட்டுச் சிகிச்சை கிடைக்காமல் போனால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் இறக்கின்றன என்பது மருத்துவர்களின் கணக்கு. சேதம் அத்துடன் நிற்பதில்லை. அடுத்த சில மணி நேரத்தில் தொடங்கும் அழற்சி நாள்கணக்கில் நீடித்து, மூளையை வீங்கவைத்து, பிழைத்திருக்கும் பகுதியையும் பாதிக்கிறது. இந்த இரண்டாம் கட்டச் சேதத்தில், மூளையின் ஓரங்களில் குடியிருக்கும் ஒருவகை நோய் எதிர்ப்பு செல்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் மூளைக்குள் நுழையாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. முயலின் மூளையில் ஒட்டிய அயல் தோல், உடலின் மற்ற இடங்களைப்போல் உடனே நிராகரிக்கப்படவில்லை என்பதை 1948-ல் பீட்டர் மெடாவர் காட்டியதும் இந்த எண்ணம் வலுப்பட்டது. மூளைத் திசுவுக்குள் மைக்ரோகிளியா என்னும் செல்கள் மட்டுமே காவல் இருக்கின்றன என்று பாடநூல்களும் எழுதின. திசுவைப் பொறுத்தவரை அது ஏறக்குறையச் சரி. எல்லைகளின் கதை வேறு.

மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகள், மூளைத் தண்டுவடத் திரவத்தைச் சுரக்கும் கோராய்டு பின்னல், மூளைக்குள் இறங்கும் ரத்தக்குழாய்களைச் சுற்றிய குறுகிய இடைவெளி ஆகிய மூன்று இடங்களில் மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள் வாழ்கின்றன. மூன்றாவது இடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மூளையின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் தமனியின் வெளிச்சுவருக்கும் மூளைத் திசுவின் எல்லைச் சவ்வுக்கும் நடுவில், திரவம் கசிந்தோடும் மெல்லிய சந்து இருக்கிறது. குழாயின் போக்கிலேயே நீண்டு, அதன் சுவரைத் தழுவியபடி இந்தச் செல்கள் அங்கே கிடக்கின்றன. திரவத்தில் வரும் கழிவை விழுங்குவது அவற்றின் அன்றாட வேலை. இவற்றில் பலவும் கரு வளரும் தொடக்க நாட்களில் மஞ்சள்கருப் பையில் பிறந்து மூளைக்கு வந்து சேர்ந்தவை. வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்களைப் புதுப்பித்துக்கொள்பவை.

ரத்த ஓட்டம் நின்றதும் இறக்கும் நரம்பு செல்களிலிருந்து உள்ளடக்கம் வெளியே கொட்டுகிறது. மூளையின் ஓரத்தில் உள்ள இந்த எல்லைச் செல்கள் அதை ஆபத்தின் அறிகுறியாக உணர்ந்து, ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களை வரவழைக்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. குழாய்ச் சுவர் இளகுகிறது, திரவம் கசிகிறது, வீக்கம் கூடுகிறது. பார்சிலோனா ஆய்வாளர்கள் 2018-ல் எலிகளில் இதைச் சோதித்தார்கள். குளோட்ரோனேட் என்ற மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் அடைத்து மூளைத் திரவத்தில் செலுத்தினார்கள். விழுங்குவதே இயல்பான எல்லைச் செல்கள் குமிழ்களை விழுங்கி, உள்ளே வெளிப்பட்ட மருந்தால் மடிந்தன. அதன்பின் பக்கவாதத்தை உண்டாக்கியபோது, மூளைக்குள் வந்த வெள்ளை அணுக்களும் குழாய்க் கசிவும் குறைந்தன. முதல் நாளில் எலிகளின் உடலியக்கமும் மேம்பட்டிருந்தது.

இதை மட்டும் பார்த்தால் இந்தச் செல்களை ஒழிப்பதே வழி என்று தோன்றும். ஆனால் பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட முடிவு நேர் எதிரானது. எல்லைச் செல்களை நீக்கியதும் முதிய எலிகளின் மூளைக்குள் வெள்ளை அணுக்கள் அதிகமாகப் புகுந்தன, நரம்புக் குறைபாடும் கூடியது. இளம் எலிகளில் அப்படி நேரவில்லை. வயது ஏற ஏற இந்தச் செல்கள் உள்ளே வரும் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை ஏற்கின்றன என்று அந்த ஆய்வு சொல்கிறது. பக்கவாத நோயாளிகளில் பெரும்பாலோர் முதியவர்கள். எனவே இளம் விலங்குகளில் கிடைத்த வெற்றியை அப்படியே மனிதருக்குப் பொருத்துவது சரியாகாது.

பக்கவாதம் வருமுன்பே எல்லைச் செல்களின் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. உயர் ரத்த அழுத்தத்துடன் தொடர்புடைய ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் இவற்றைத் தூண்டி, மூளை ரத்தக்குழாய்களின் இயக்கத்தைக் கெடுக்கிறது என்று 2016-ல் எலி ஆய்வு ஒன்று காட்டியது.

மூளையின் எல்லையில் நோய் எதிர்ப்பு செல்கள் போய்வர வேறு வழிகளும் உண்டு. மூளை உறைகளில் நிணநீர்க் குழாய்கள் இருப்பது 2015-ல்தான் தெளிவானது. மண்டையோட்டின் எலும்பு மஜ்ஜையிலிருந்து மூளை உறைக்கு நுண்ணிய கால்வாய்கள் செல்வதும், பக்கவாதத்தின்போது வெள்ளை அணுக்கள் அவ்வழியே இறங்குவதும் 2018-ல் எலிகளில் கண்டறியப்பட்டன.

அழற்சியை மொத்தமாக அடக்கும் முயற்சி மனிதரில் ஒருமுறை கசப்பாக முடிந்தது. வெள்ளை அணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டாமல் தடுக்கும் என்லிமோமாப் என்ற மருந்தை 625 பேரிடம் சோதித்ததன் முடிவு 2001-ல் வெளியானது. மருந்து பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. எலியின் புரதத்தால் ஆன அந்த மருந்தே உடலில் எதிர்ப்பைக் கிளப்பியிருக்கலாம் என்பது பின்னர் சொல்லப்பட்ட முக்கிய விளக்கம். பக்கவாதத்துக்குப் பின் உடலின் பொது எதிர்ப்புத் திறன் தளர்ந்து நிமோனியா தாக்குவதும் வழக்கம் என்பதால், அழற்சியை எப்போது, எந்த அளவுக்கு அடக்குவது என்பதில் மிகுந்த நிதானம் வேண்டும்.

எல்லைச் செல்களைக் குறிவைக்கும் பக்கவாத மருந்து எதுவும் இன்னும் மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு வரவில்லை. அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியும், குழாய் வழியே கட்டியை வெளியே எடுக்கும் முறையுமே இன்றைய முதன்மைச் சிகிச்சைகள். ஊசியை வழக்கமாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கட்டியை எடுக்கும் முறை தகுதியான நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரை செய்யப்படுகிறது.