நெற்றிக்கு நேரே நீளும் துப்பாக்கி

2020-இல் கொரோனா வந்தபோது கடை, வங்கி, அலுவலக வாசல்களில் எல்லாம் நம் நெற்றிக்கு நேரே ஒரு வெப்பமானித் துப்பாக்கி நீண்டது. அதன் கதிர் மூளையைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவ, பலர் பயந்துபோய்க் கையை நீட்டினார்கள். பயப்பட ஒன்றுமே இல்லை. நம் உடம்பிலிருந்து எந்நேரமும் கிளம்பிக்கொண்டிருக்கும் அகச்சிவப்புக் கதிரை அந்தக் கருவி வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் கதிரை 1800-இல் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். முப்பட்டகத்தில் சூரிய ஒளியைப் பிரித்து, நிறம் நிறமாக வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, வெளிச்சமே விழாத இடத்தில் பாதரசம் இன்னும் மேலே ஏறியது.

துப்பாக்கிக்குள் இருக்கும் லென்ஸ் இந்தக் கதிரைக் குவித்து ஒரு சிறிய உணரியில் விழச் செய்கிறது. உணரி சூடாகி மின்னழுத்தம் தருகிறது. அதிலிருந்து வெப்பநிலை கணக்கிடப்படுகிறது. சிக்கல் இந்தக் கணக்கில்தான். ஒரே சூட்டில் இருந்தாலும் எல்லாப் பொருளும் ஒரே அளவு கதிரை விடுவதில்லை. மனிதத் தோல், விடக்கூடிய உச்ச அளவில் ஏறக்குறைய 98 சதவீதத்தை விட்டுவிடும். பளபளக்கும் உலோகம் மிகக் குறைவாகவே விடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் எவர்சில்வர் பாத்திரத்தின் பளிச்சென்ற பக்கத்தில் அளந்து பாருங்கள். 100 டிகிரிக்கு வெகு கீழே ஏதோ ஓர் எண் வரும். அதே பாத்திரத்தில் கரி படிந்த இடத்தில் அளந்தால் உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

தூரமும் முக்கியம். 12-க்கு 1 என்று போட்டிருக்கும் கருவி, 12 அடி தள்ளி நின்றால் ஓரடி அகல வட்டத்தின் சராசரியைத்தான் காட்டும். சிவப்பு லேசர் புள்ளி குறி பார்க்க மட்டுமே. அது எதையும் அளப்பதில்லை.

தொடாமல் அளப்பதன் அருமை துணைமின் நிலையத்தில் தெரியும். தளர்ந்த இணைப்பு சூடேறுவதை, மின்சாரத்தை நிறுத்தாமல், எட்ட நின்றே அகச்சிவப்புக் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். பழுது பார்ப்பவரின் உயிருக்கும் அது காவல்.

காய்ச்சலுக்கு வருவோம். நெற்றித் தோல் உடம்பின் உட்சூட்டைவிடக் குளிர்ந்தது. மருத்துவக் கருவி அதை ஈடுகட்டித்தான் எண்ணைக் காட்டுகிறது. வெயிலில் நடந்து வந்தவருக்கு அந்த எண் ஏறும், வியர்த்தவருக்கு இறங்கும். தொழிற்சாலைக்கான துப்பாக்கியோ ஓரிரு டிகிரி முன்பின் காட்டக்கூடியது. காய்ச்சலுக்கும் காய்ச்சல் இல்லாமைக்கும் உள்ள இடைவெளியே அவ்வளவுதான். அந்தத் துப்பாக்கியைக் குழந்தையின் நெற்றிக்கு நீட்டாதீர்கள். மருத்துவக் கருவி என்றாலும் வியர்வையைத் துடைத்து, நிழலில் கொஞ்ச நேரம் உட்கார வைத்து அளங்கள். சந்தேகம் இருந்தால் அக்குளில் டிஜிட்டல் வெப்பமானியை வைத்துப் பாருங்கள்.